எடைச்சீட்டு

லீ பஜாரில் முப்பத்தொரு வருஷம்
மஞ்சள் மூட்டைக்கு எடை எழுதியவன் நான்.
சாக்கைக் கழித்துத்தான் கணக்கு.

இப்போது செவ்வாய், வெள்ளி,
காலை ஆறரைக்கு அழகாபுரம் நீச்சல் குளம்.
நெஞ்சளவுத் தண்ணீரில்
எங்கள் ஏழு பேரையும் நடக்கவிடுகிறாள்
டெல்பின், கழுத்தில் விசில்.
"முட்டியைத் தூக்குங்க சார், இன்னும்."
தூக்கினேன்.
படிக்கட்டில் என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத முட்டி.

எண்பத்திரண்டு கிலோ எங்கே போனது?
தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டது,
சீட்டு தரவில்லை.

பக்கத்தில் செங்கோடன்,
போன ஆடியில் குளியலறையில் விழுந்தவர்,
கம்பியை விட்டுவிட்டு
ஒற்றைக்காலில் நிற்கிறார்,
சத்தமாய் எண்ணியபடி.
ஏழில் சாய்ந்தார்.
இங்கே யாரும் சட்டென்று விழ முடியாது,
மெல்லச் சாயலாம், அவ்வளவுதான்.
சிரித்ததில்
என் மூக்கில் ஏறியது குளோரின்.

ஏழே காலுக்கு ஏணி.
முதல் படியில் வயிறு திரும்பி வந்தது,
இரண்டாவதில் இடுப்பு,
மூன்றாவதில் மொத்த ஆளும்,
சாக்கோடு சேர்த்து.

சேர்வராயன் மலையில் மேகம் இன்னும் எழவில்லை.

வீட்டுக்குப் பதினாலு படி.
போன மாசம் மூன்று இடத்தில் நின்றேன்.
இன்று ஒரே இடம்,
அதுவும்
சாவியைத் தேட.