காலி வண்டி எடை

புதுவயல் ரோட்டில் ராத்திரி ஒன்றரை மணி.
அவியும் நெல்லின் புளித்த வாசனை
எடைமேடை அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.
அடுத்த லாரி வரும்வரை
நான் என் முள்ளைச் சரிசெய்யலாம்.

முள். ப்ராம்ப்ட் தீமுக்கு நான் வைத்த பெயர்.
கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால்
பச்சையாய் ஒரு கூர்.
எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பது இடப்பக்கம்,
மணி வலப்பக்கம்.
போன கட்டளை தோற்றிருந்தால் கூர் சிவக்கும்.
அவ்வளவுதான்.
நானூறு வரி.
நானூறு பேர்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

அதில் ஒருத்தி, ஈப்போவிலிருந்து உமையாள்,
எழுதியிருந்தாள்:
நீளமாய்த் தட்டினால் வரி கீழே இறங்காமல்
தன் மேலேயே ஏறி எழுதுகிறது.
பழைய கட்டளையின் வால்
அழித்தாலும் ஒட்டிக்கிடக்கிறது.
திரையில் கண்டதை நம்பி என்டர் தட்டிவிட்டேன்.

என்ன போயிற்று என்று அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

மூன்று ராத்திரி.
மணியைக் கழற்றிப் பார்த்தேன்.
போன மாதம் கோர்த்த கிளைப்பெயரைக் கழற்றினேன்.
ஃபோல்டருக்குத் தமிழ்ப்பெயர் வைத்ததாலோ என்று
'நெல்' என்பதை எண்ணினேன்:
எனக்கு இரண்டெழுத்து,
இயந்திரத்துக்கு நான்கு குறி,
என் திரைக்கு மூன்று கட்டம்.
மூவரும் அவரவர் கணக்கில் சரி.
அது வேறு வழக்கு, வேறொரு ராத்திரிக்கு.
என்னிடம் மட்டும் முள் ஒழுங்காய் நின்றது.
அதுதான் எரிச்சல்.

சேவுகமூர்த்தி லாரியை மேடையில் ஏற்றிவிட்டு வந்து
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
"க்ளீனர் உள்ள தூங்குறான். எழுப்பணுமாண்ணே?"
எழுப்பத்தான் வேண்டும்.
நெல்லை இறக்கி வெறும் வண்டியாய்த் திரும்பும்போது
அவன் டீக்கடையில் இருப்பான்.
அவனுக்கும் சேர்த்து ஆலை நெல்விலை கொடுக்குமா?

போர்வையோடு இறங்கினான் பையன்.
பெட்டியில் எண் அறுபது குறைந்தது.

சீட்டைக் கிழித்துக் கொடுத்த கை
அப்படியே நின்றது.

நிறத்துக்கு அகலம் கிடையாது.
திரையில் ஒரு கட்டம்கூடப் பிடிக்காது.
ஆனால் அது ஷெல்லுக்குத் தெரியாது,
இரண்டு பக்கமும் அடைப்பு போட்டு
இதை எண்ணாதே என்று நான்தான் சொல்லணும்.
பச்சைக்குச் சொல்லியிருந்தேன்.
சிவப்புக்குச் சொல்லவில்லை.

சோதித்த நேரமெல்லாம்
ஜெயிக்கிற கட்டளையாகவே கொடுத்திருக்கிறேன்.

நான்கு எழுத்து சேர்த்தேன்.
இல்லாத ஃபைலைத் திறக்கச் சொன்னேன். தோற்றது.
சிவந்தது.
அந்தச் சிவப்புக்குப் பின்னால்
லாரி நம்பர், மூட்டைக் கணக்கு, டிரைவர் பெயர் என்று
வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டிக்கொண்டே போனேன்.
விளிம்பில் மடங்கி
ஒழுங்காய்க் கீழே இறங்கியது வரி.

வேறு ஷெல் வைத்திருப்பவர்களுக்கு வேறு அடைப்பு.
விடிந்ததும் அவர்கள் திட்டுவார்கள்.
உமையாளுக்குப் பதில் எழுதத் தொடங்கி
'சரியாகிவிட்டது' என்பதற்கு அப்புறம்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
அன்றைக்கு என்ன அழிந்துபோயிற்று?
கேட்டு அனுப்பினேன்.

வெளியே ஹாரன்.
ஜன்னலைத் தள்ளி,
வண்டி நம்பருக்கு முன்னால் கேட்டேன்,
"உள்ள யாரும் தூங்குறாங்களா?"