எதிர்த்தரப்பு

'சீருடை தேவையா?' என்று பலகையில் எழுதித்
திரும்புவதற்குள்
முப்பத்தோரு பேரும் ஒரே வரியை முடித்திருந்தார்கள்:
'சீருடை ஏற்றத்தாழ்வை ஒழிக்கிறது.'
வழிகாட்டி நூலில் நாற்பதாம் பக்கம்.
வரிக்கும் சீருடை மாட்டியாயிற்று.

அடிக்கச் சொன்னேன்.
யாரை இணங்கவைக்கப் போகிறீர்களோ
அவர் பெயரை மேலே எழுதுங்கள்.
அவர் என்ன மறுப்பார்?
அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்,
அவர் வாய் திறக்குமுன்.

கட்டபெட்டில் அன்று பதினொரு மணிவரை மூடுபனி.
சன்னலுக்கு அந்தப்பக்கம் தேயிலையைக் காணோம்.
கோத்தகிரி பஸ்ஸின் ஹாரன் மட்டும்
வந்தது, போனது.

போஜராஜ், அவன் அம்மாவுக்கு:
சீருடை வேண்டாம். அண்ணன் சட்டைக் காலரில்
அவன் பெயர் இன்னும் போகவில்லை.
பி.டி. சார் என்னை அவன் என்றே நினைத்து அடிக்கிறார்.

டான்டீ லைன் சுலோசனி, எதிர்வீட்டு நிரோஷாவுக்கு:
சீருடை வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆறு கவுன்.
எனக்கு ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம்.

டிக்சன், தையல்காரருக்கு:
பாக்கெட் வைக்க மறந்துவிட்டீர்கள் என்று தொடங்கி,
சீருடையையே மறந்து
கோலிக்குண்டு பற்றி ஒன்றரைப் பக்கம்.

பூலோ ஓராவ் எனக்கு எழுதியிருந்தாள்.
குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து
அக்டோபரில் மாறி வந்தவள்,
எல்லாருக்கும் நீல ஸ்வெட்டர் கொடுத்து முடித்த பிறகு.
அவளுடையது மஞ்சள்.
காலைக் கூட்டத்துக்கு முன் கழற்றி
பெஞ்சில் வைத்துவிட்டு வரவேண்டும்.
விதி என்னுடையது.

'டீச்சருக்கு.
சீருடை வேண்டும். எனக்குப் பிடிக்கும்.
ஆனால் ஸ்வெட்டர் குளிருக்கு.
பிரேயர் பதினேழு நிமிசம். எண்ணினேன்.
நீங்கள் சொல்வீர்கள்,
ஒருத்தியை விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று.
எல்லாரிடமும் நீலம் இருக்கிறதே டீச்சர்,
அவர்கள் எதற்குக் கேட்கப் போகிறார்கள்?
நீங்கள் போட்டிருப்பது ரோஸ்.'

ஸ்வெட்டரை நான்கு விதமாக எழுதியிருந்தாள்.
நான்கையும் சிவப்பில் சுழித்தேன்.
அதற்குமேல் பேனா நகரவில்லை.
ரோஸ் கம்பளிக் கை
ஈர மையில் பட்டுக் கறையானது.

தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன்.
'பார்க்கலாம்' என்றார்.
காரணமில்லாத கருத்து;
என் வகுப்பில் அதற்குப் பாதி மதிப்பெண்தான்.
நின்றுகொண்டே இருந்தேன்.
'சரி, பொங்கல் வரைக்கும்.'

மறுநாள் மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனி.
கொடிக்கம்பத்திலிருந்து எட்டாவதாக
மஞ்சள் நின்றது.
பழக்கத்தில் முதல் பொத்தானைக் கழற்றியவள்
என்னைப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்
சுலோசனி பச்சையில் வந்தாள்.
போஜராஜ் கோடு போட்டதில்.
டிக்சன் அவன் அப்பாவின் கோட்டில்,
முழங்கால்வரை, நான்கு பாக்கெட்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.
நான் பூலோவைப் பார்த்தேன்.
அவள் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
விடை தப்பிய கணக்கை
மேலிருந்து சரிபார்ப்பவள்போல
உதடு அசைந்தபடி.

முதல் பாடவேளை கணக்கு.
கடன் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.
தாளை எடுங்கள் என்றேன்.
பூலோ எடுத்திருந்தாள்.
மேலே எழுதி
அடிக்கோடும் போட்டாயிற்று:
'சுலோசனிக்கு.'