குமிழ் பத்தில் நிற்கும்போது

பகலெல்லாம் நான் கழுவுவது வேறு ஃபில்டர்.
ஜுஃபைர் அடுக்ககங்களில் ஏ.சி. மூடியைக் கழற்றி
கம்பளிபோல் சுருண்ட சாம்பல் தூசியைக்
குழாயடியில் பிடிப்பேன்.
காற்று போகலாம், மணல் கூடாது.
அவ்வளவுதான் அதன் சட்டம்.

இது அப்படியல்ல.
ஹோட்டல் பாரில் வாசித்த ரெனாட்டோ
விசா முடிந்த வாரம்
முப்பது தினாருக்குத் தந்துபோன பெட்டி.
குதைபியா அறையில், மேல் பங்க்கில், என் மடியில்.
கட்-ஆஃப் குமிழைக் கீழே திருகினால்
கீச்சொலிகள் ஒவ்வொன்றாய் வெளியே நிறுத்தப்படும்.
பக்கத்துக் குமிழில்தான் விஷயம்.
வெளியேறிய ஒலியில் கொஞ்சத்தைப் பிடித்து
தலைகீழாக்கி
வந்த வாசலுக்கே அனுப்புகிறது.
எல்லைக்கோட்டில் நிற்கும் சுருதி மட்டும்
வழியிலேயே ஒருமுறை கவிழ்ந்திருப்பதால்
இரண்டு கவிழ்தலும் நேராகி
தன் தோள்மேல் தானே ஏறுகிறது.
ஆழத்து பேஸ் கவிழாமல் வந்தது,
தன்னையே கழித்துக்கொண்டு மெலிகிறது.

ஜூலை. இரவு ஒன்றேகால்.
கம்ப்ரஸர் எழும்போதெல்லாம் டியூப்லைட் மங்கும்,
சுருதி அரைக்கால் வழுக்கித் திரும்பும்.

பத்து வரை திருகிவிட்டு
உள்ளே போகும் ஒலியை முழுக்க அடைத்தேன்.
ஒன்றுமே போகவில்லை.
விசில்.
சுத்தமான, யாரும் ஊதாத விசில்.
ரெசிஸ்டர்கள் சூட்டில் நெளிகிற இரைச்சல்,
காதுக்கு எட்டாத அந்தப் பொடி,
அது போதும்; சுற்றிச் சுற்றி ஆளாகிவிடுகிறது.

ஹெட்போனைத் தலையணைமேல் போட்டுவிட்டு
அன்வர்தீனின் லேப்டாப்பைத் திறந்தேன்.
திரையில் வரைந்த அதே குமிழ், அதே பத்து.
மௌனம்.
கணக்கு பிசகாதது:
பூஜ்யத்தை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தரம்
சுற்றிவிட்டாலும் பூஜ்யம்.
யாராவது ஒரு சிட்டிகை இரைச்சலைக்
கையால் போட வேண்டும்.
போட்டேன்.
பாடியது. கம்ப்ரஸர் எழுந்தது, விழுந்தது,
அதன் சுருதி இமைக்கவில்லை.
எனக்கு ஏனோ கொஞ்சம் கோபம் வந்தது.

"அண்ணே," கீழ் பங்க்கிலிருந்து அன்வர்தீன்,
கண்ணைத் திறக்காமல்:
"ஏ.சி. விசிலடிக்குது. நீங்கதானே மெக்கானிக்?"

தலையணை இன்னும் கூவிக்கொண்டிருந்தது.
பார்க்கிறேன் என்றேன்.
பத்திலிருந்து ஒன்பதரைக்கு இறக்கினேன்.
உடனே நிற்கவில்லை;
தட்டிவிட்ட கிண்ணம்போல்
தேய்ந்து தேய்ந்து
அவன் குறட்டைக்குள் போய்ச் சேர்ந்தது.