நீலப் புள்ளி

காலை எட்டு முதல் இரண்டு வரை
எனக்குப் புள்ளி பார்க்கிற வேலை.
மழைக்காலமென்றால் நாளைக்கு நூறு கண்ணாடித் துண்டு,
ஊதாச் சாயம் குடித்த ரத்தம்,
உள்ளே மலேரியா
பொடி மோதிரமாய்ச் சுருண்டிருக்கும்.
பதினெட்டு வருடத்தில் ஒன்றைத் தவறவிட்டேன் என்று
சயான் ஆஸ்பத்திரியில் யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் ஃபோர்ட்டில், அந்த இடுங்கிய மாடிக் கடையில்,
ஹஸ்முக்பாய் ஆறு தாளை விசிறியாய் விரித்தபோது
நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை.
ஒரே டாலர், நடுவில் ஒன்றே முக்கால் ரூபாய்ப் பள்ளம்.
அந்தப் பள்ளத்துக்குள்தான்
அவர் கடை, அவர் ஏசி,
எனக்கு நீட்டிய கட்டிங் சாய்.

சீட்டைத் தள்ளி எடுத்த பணம்.
தள்ளினதிலேயே எட்டாயிரம் போயிருந்தது.
பான் அட்டை நகல், பாஸ்போர்ட் நகல்,
எந்த ஊர் என்றார். தாஷ்கண்ட் என்றேன்.
ஏன், துபாய் பிடிக்கவில்லையா?
அந்த ஊர்ப் பணம் என்னிடம் கிடையாது,
டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்.
மடிக்காதே.

மடிக்கவில்லை.
எக்ஸ்ரே உறையை அளவாக வெட்டி
பச்சைக் குழந்தையைப்போல் படுக்கவைத்துக் கொண்டுபோனேன்.

தங்கபுஷ்பம், ஜெபக்கனி, நான்.
மூன்று வார்டு, மூன்று ஷிஃப்ட், ஒரே சமயத்தில் லீவு.
கிடைத்ததே பெரிது.

கவுண்டர்ப் பெண்ணுக்கு நாவல்பழ நிறத்தில் நகம்.
ஐந்து தாள் தேறியது.
ஆறாவதை விளக்கின்மேல் பிடித்தாள்,
வழுக்கைப் பெரியவரின் காதோரம்
நகத்தால் தொட்டுக் காட்டினாள்.
கடுகில் கால்வாசி. பேனா மை.

யோக், என்றாள்.
எனக்கு யோகம் என்று முக்கால்வாசி கேட்டது.

சமர்கண்டில் யோக்.
புகாராவில், ரயிலடியில், ஹோட்டல் வரவேற்பில் யோக்.
எல்லா இடத்திலும் ஒரு விளக்கு, குனிந்த ஒரு தலை.
இத்தனை பேர் என் வேலையைச் செய்கிறார்களா?
கும்மட்டம் கும்மட்டமாய் நீலம் வாரியிறைத்த ஊரில்
என் நீலம் மட்டும் செல்லவில்லை.

கடைசி மூன்று நாள் ஜெபக்கனியின் பணத்தில் தின்றேன்.
வட்ட ரொட்டி, முலாம்பழம், மறுபடி ரொட்டி.
ரயில் டிக்கெட்டின் முதுகில் அவள் எழுதிவைத்தாள்:
பன்னிரண்டு லட்சம்.
வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கடன் நான் பட்டதில்லை.

திரும்பி வந்ததும் ஹஸ்முக்பாய்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
இது எங்கள் பேனா இல்லை, என்றார்.
வேண்டுமென்றால் டாலருக்கு ஏழு ரூபாய் குறைத்து...
வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.
ஏன் என்று தெரியவில்லை. கோபம்தான்.

கடனை எந்த நாள் ரேட்டில் தரட்டும்?
வாங்கின நாளா, இன்றைக்கா?
ஜெபக்கனி யோசித்தாள்.
ஞாயிறு வாவல் மீன் கொண்டு வா, பேசலாம்.
நான்கு ஞாயிறு ஆகிவிட்டது.
டாலர் ஏறுகிற மாதிரியே வாவலும் ஏறுகிறது.
பேச்சு இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.

இன்று கூட்டம் ஓய்ந்த பிறகு
தாளை லென்ஸின் கீழே வைத்தேன்.
புள்ளி இல்லை அது.
ஒரு கோடு தொடங்கி, நின்றிருக்கிறது.
யாரோ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்,
யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

வார்டு பாய் அடுத்த கண்ணாடியை வைத்துவிட்டுப் போனான்.
ஆண், ஆறு வயது, மூன்று நாள் காய்ச்சல்.
டாலரை எடுத்துவிட்டு அதை வைத்தேன்.
ஓரத்திலிருந்து ஓரம், வரிவரியாக,
பிறகு இன்னொரு முறை.

வாய் தானாகச் சொன்னது:
யோக்.