ஆள்-மாதம்

பிரஸ்ஸல்ஸில் மாலை ஐந்து என்றால்
பெருந்துறையில் இரவு எட்டரை.
ஆய்வகக் கதவில் சாக்பீஸால்
‘செவ்வாய் 8.30’ என்று எழுதி மூன்று வாரம்.
துடைக்க வந்த குப்பாயி அக்கா
ஏதோ முகூர்த்தம் என்று விட்டுவிட்டாள்.

நாற்பத்தைந்து பக்கம்தான். ஒரு வரி மிஞ்சினாலும்
படிக்கமாட்டார்கள். எங்களிடம் நாற்பத்தேழு இருந்தது.
முதலில் அடைமொழிகள் போயின.
அப்புறம், நொய்யல் எங்கே பிறக்கிறது என்ற பத்தி.
மலை போயிற்று, சாயம் வந்த கதை
எண்ணாகச் சுருங்கி ஓர் அட்டவணைக்குள் புகுந்துகொண்டது.
கடைசியில் ஆறே
‘மூன்றாம் ஆய்வுக்களம்’ ஆகிவிட்டது.
முதல் களம் போர்ச்சுகலில், இரண்டாவது பெல்ஜியத்தில்.
நேரில் பார்த்ததில்லை. வரைபடத்தில்
மூன்றும் ஒரே நீலம்.

இனெஸ் போர்ட்டோவிலிருந்து ஓரக்குறிப்பு எழுதுவாள்,
சௌடேஸ்வரி வாயில் நுழையாமல் ‘சௌடா’ என்று:
சௌடா, ‘நம்புகிறோம்’ வேண்டாம், ‘செய்வோம்’ என்று போடு.
‘இயன்றவரை’யை எடு.
மதிப்பிடுகிறவர் அன்றைக்கு எட்டு படிப்பார்,
எட்டாவது நம்முடையது என்று நினைத்து எழுது.

சரிதான். ஆனால் எங்கள் பக்கம்
நாளைக்குப் பொழுது விடியுமா என்று கேட்டாலே
“விடியும்னு நெனைக்கறனுங்க” என்பார்கள்.
அந்த ‘ங்க’வைக் கழற்றிக் கழற்றி
மேசைக்கடியில் போட்டேன்.
வாக்கியங்கள் கஞ்சி போட்ட சட்டையாய் விறைத்து நின்றன.

இடர்: கிணற்றுக்காரர்கள் ஒத்துழைக்காமை.
வாய்ப்பு: குறைவு.
இதை எழுதிவிட்டு, உண்மைதானா என்று பார்க்க
சனிக்கிழமை அணைக்குக் கீழே போனேன்.

சென்னியப்பன் ஒன்பது வருசமாய்
வாரம் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணி பிடித்து
தேதி ஒட்டிக் கட்டுத்தறியில் அடுக்கிவைத்திருக்கிறார்.
யாரும் கேட்டதில்லை.
“ஒரு நாளைக்கு ஆராச்சும் வந்து கேப்பாங்கல்லங்க.”
மீட்டரை விட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம்.

மடிக்கணினியைக் கயிற்றுக்கட்டிலில் வைத்து
பட்ஜெட்டைக் காட்டினேன்.
பெல்ஜியத்துக்கு முப்பத்தாறு ஆள்-மாதம்,
போர்ட்டோவுக்கு இருபத்தெட்டு, எங்கள் கல்லூரிக்குப் பதினெட்டு.
விரலை நிரலில் மேலிருந்து கீழே ஓட்டினார்.
“இதுல நான் எத்தன மாசமுங்க?”
கேலி இல்லை. கூலிக்கணக்குக் கேட்கிற குரல்தான்.
“நீங்க பங்குதாரர் பட்டியல்ல இருக்கீங்க,
பக்கம் முப்பத்தொண்ணு.”
“அப்ப பங்கு எவ்வளவுங்க?”

கோழி ஒன்று சார்ஜர் ஒயரைத் தாண்டிப் போனது.

ஞாயிறு இரவு நிரலைத் திறந்தேன்.
என் பிரஸ்ஸல்ஸ் பயணம் இரண்டு, பம்பு ஒன்று
வெட்டினேன்.
ஆறு ஆள்-மாதம்: நீண்டகாலக் கண்காணிப்பாளர்.
கெண்ட்டிலிருந்து யோரிஸ் உடனே கூப்பிட்டான்.
பட்டம்?
இல்லை.
பிறகு?
நானூற்று அறுபத்து நாலு மாதிரிகள் யோரிஸ்,
நாலை ஆடு உடைத்துவிட்டது.
உன்னிடம் எத்தனை இருக்கிறது?
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம்.
முப்பத்தொன்றாம் பக்கத்து மனிதர்
முதல் பக்கத்துக்கு வந்திருந்தார்.
இனெஸ் ஓரத்தில் எழுதினாள்: இதை ஏன் ஒளித்துவைத்தாய்?

செவ்வாய். ஏழே முக்காலுக்கு கரண்டு போனது.
நிதி அலுவலர் கனகசபாபதி
செல்போன் வெளிச்சத்தில் கூட்டல் சரிபார்த்தார்,
எழுபது யூரோ உதைத்தது, கண்டுபிடித்தார்.
எட்டு பதினொன்றுக்கு ஏறியது.
ஒரு எண் வந்தது. அவ்வளவுதான்.

“அனுப்பிட்டனுங்க.”
“கெடைக்குமுங்களா?”
நாற்பத்தைந்து பக்கமும் ‘செய்வோம்’ என்று எழுதியவள்
மேசைக்கடியில் தடவினேன்.
“பாக்கலாமுங்க. அஞ்சு மாசம் ஆகுமுங்க.”
“ஆகட்டுங்க.
தேதி ஒட்டற ஸ்டிக்கர் தீந்துபோச்சு,
வரும்போது ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க.”