நடமாடும் பெட்டி

எழுந்து வர முடியாதவர்களுக்கென்று
எங்கள் ஊரில் ஒரு சின்ன வாக்குப்பெட்டி உண்டு,
சாப்பாட்டுத் தூக்கைவிடக் கொஞ்சம் பெரிது.
ஞாயிறு காலையிலிருந்து
நானும் துதோராவும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம்.
அவளிடம் பட்டியல், என்னிடம் முத்திரைக்கட்டை.
ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு
இந்த முறை பெட்ரோல் படி கிடையாது.

நீஸ்த்ரு ஆற்றுக்கு அப்பால், வெகு தூரத்தில்
இடி போல ஒன்று.
இடியில்லை என்று இருவருக்கும் தெரியும்.
‘மழை வரும்போல’ என்றாள்.
‘ம்’ என்றேன்.

வழியெல்லாம் ஆப்பிள் புளித்த வாடை.
ஆகஸ்டில் கிழக்குச் சுங்கச்சாவடி
எங்கள் பழத்தில் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தது,
அதுவரை எங்கள் தோட்டம் அறியாத பூச்சி.
அமைச்சர் யாரோ வெளிநாட்டில் போய்
என்னவோ பேசிய மறுநாள் பிறந்த பூச்சி.
வேலியோரம் அடுக்கிய பெட்டிகளைக் கண்டால்
இப்போது பன்றிகளும் முகம் திருப்புகின்றன.

ஏழாவது வீடு, ஹரலாம்பியே.
இடுப்புக்குக் கீழே அசைவில்லை.
கம்பளி, அதன்மேல் கோட்டு, அதன்மேல் இன்னொரு கம்பளி.
அடுப்பு அணைந்து எத்தனை நாளோ.
மின்சாரம் நாங்கள் நுழையும்போது போனது.
பின்கட்டில் வாடகைக்கு இருக்கும்
ஒடேசாக்காரி மிரோஸ்லாவா வந்து
கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தாள்,
சீட்டைப் பார்த்துவிடக் கூடாதென்று
முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.
அவளுக்கு இங்கே வாக்கில்லை.
அவள் ஊரில் இப்போது தேர்தலே இல்லை.

பதினொரு பெயர்கள்.
உதடசைய எல்லாவற்றையும் படித்தார்.
‘இதில் கேஸ் விலையைக் குறைக்கிறவன் எவன்?’
‘நாங்கள் சொல்லக்கூடாது.’
‘கூடாதா, தெரியாதா?’
துதோரா பட்டியலைப் புரட்டினாள்.
ஒரே தாள்தான் அது.

‘மகன் பார்மாவிலிருந்து பேசினான்,
அப்பா, ஐரோப்பாவுக்குப் போடு.
தங்கச்சி மாஸ்கோவிலிருந்து,
அண்ணா, சண்டை வராத பக்கம் போடு.
ரெண்டு பேரும் பணம் அனுப்புகிறவர்கள்.
ரெண்டு பேருக்கும் சரி என்றேன்.’

கம்பளிக்குள் சீட்டை இழுத்துக்கொண்டார்.
வெகுநேரம் எடுத்தது.
மடித்த சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.
முத்திரைக்கட்டை மட்டும் திரும்பி வரவில்லை.

தலையணைக்கடியிலிருந்து
நாலாய் மடித்த கேஸ் பில்லை எடுத்தார்.
பென்ஷன் தொகையைவிட நூற்றுச்சொச்சம் அதிகம்.
விரித்து, மார்பில் வைத்து,
தொகையின் மேல் ஓங்கிக் குத்தினார்.
‘வாக்களித்தாயிற்று’
நீல மையில், லேசாகச் சாய்ந்து.

சிரித்தது துதோராதான் முதலில்.
பிறகு கவலைப்பட்டாள்,
இதை அறிக்கையில் எழுத வேண்டுமா?
விதிப்புத்தகத்தில்
இதற்கொரு கட்டம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
பெட்டிக்குள் ஏழு சீட்டுகள் புரண்டன.
‘மழை’ என்றார் ஹரலாம்பியே.
‘மழைதான்’ என்றேன்.

‘இல்லை’ என்றாள் மிரோஸ்லாவா
சுவரைப் பார்த்தபடியே.
அவள் கையிலிருந்த வெளிச்சம்
ஆடவேயில்லை.

எட்டாவது வீடு
ஆற்றுக்கு இன்னும் பக்கம்.