யார்

எட்டு மணிக்குக் கரண்ட் போகும்.
திபிலிசியில் இந்தக் குளிர்காலம்
அது ஒன்றுதான் நேரம் தவறுவதில்லை.

ஏழே முக்காலுக்கு
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
யார் என்று தட்டுகிறேன்.
நீரியல் நிலையத்தின் பதினொரு கணினிகளும்
மூன்று மாடிகளிலிருந்து பேர் சொல்கின்றன.

அன்ஸோர், மழைமானி அறை,
சும்மா இருப்பது நாற்பது நிமிடம்.
மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பார், இனி வரமாட்டார்.
வெளியேற்றினேன்.
முர்மன், கணக்குப் பிரிவு, சீட்டாட்டம்.
மக்வலா, நூலகம்.
ஜும்பர், மேல்மாடி.

எந்தக் கை எப்போது ஓய்ந்தது என்று மட்டும் சொல்லும்
கடைசி நெடுவரிசை.
என்ன எழுதினார்கள் என்று சொல்லாது.
அக்டோபரிலிருந்து பார்க்கிறேன்:
மக்வலா பூஜ்யம் என்றால் ஜும்பர் ஒன்று.
ஜும்பர் பூஜ்யம் என்றால் மக்வலா ஒன்று.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
இருவரும் தலைகூட அசைப்பதில்லை.
எல்லார் கணக்குக்கும் சாவி வைத்திருப்பவள்
வாய்க்கும் ஒரு பூட்டு வாங்கியாக வேண்டும்.
வாங்கிவிட்டேன்.

இன்று,
மக்வலா மூன்று. ஜும்பர் மூன்று.
மறுபடி தட்டினேன்.
நான்கு, நான்கு.
சண்டையோ?
எல்லாத் திரைக்கும் அறிவிப்பு விட்டேன்:
பத்து நிமிடத்தில் அணைக்கிறேன், சேமித்துக்கொள்ளுங்கள்.
முர்மன் மட்டும் பதில் எழுதினார்:
இந்த ஆட்டம் முடியட்டும், எத்தெரி.
ஏழு, ஏழு.

டார்ச்சோடு ஏறினேன்.
நூலகத்தில் நாற்காலி
மேசைக்கடியில் ஒழுங்காய்த் தள்ளியிருந்தது.
மேல்மாடித் திரையில்
பாதி வரைந்த மத்குவாரி நதி
முதல் பாலத்தோடு நின்றிருந்தது.
அவன் குவளையில் இன்னும் கொஞ்சம் ஆவி.
ஜன்னலுக்குக் கீழே பனிச்சேறு.
மினிபஸ் நிறுத்தம் பக்கமாக
ஒரே ஒரு சிகரெட் நெருப்பு
இடமிருந்து வலம் போனது,
கொஞ்சம் நின்று
வலமிருந்து இடம் வந்தது.

நதியைச் சேமித்தேன்.
அவர்கள் பேசிய ஜன்னலைப் படிக்காமல் மூடினேன்.
(கடைசி வரியைப் படித்தேன்.
"கோட்டை எடுத்துக்கொள்" என்றிருந்தது.)

கீழே வந்தபோது ஏழு ஐம்பத்தெட்டு.
முர்மன் தோற்றுப் போய்விட்டிருந்தார்.
ஒவ்வொரு கணினியாக அணைத்துவிட்டுக்
கடைசியாய்க் கேட்டேன், யார்?
கேட்பவளையும் சேர்த்தே எண்ணும் இந்தக் கட்டளை.
எத்தெரி, சர்வர் அறை, பூஜ்யம்.

கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.
ஆயிற்றா என்று பார்க்க
மறுபடி தட்ட வேண்டும்.
தட்டினால்
மறுபடி பூஜ்யம்.